"எல்லாம் கிளைமேட் சேஞ்ச், எங்க கையில இல்ல"ன்னு சொன்னா என்ன பதில் சொல்றது?

வாசகி கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க மலேசியாவுல ஜோகூர் மாநிலம், சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்து டவுன்ல இருக்கோம். அப்பா அம்மா ரப்பர் பால் வெட்டுன தோட்டம்தான், பாதியை வித்து தாமான், அதான் வீடமைப்புப் பகுதி, போட்டுட்டாங்க, மீதி இப்ப செம்பனை. 2006 கடைசியில ஆறு ஏறி ஜன்னல் வரைக்கும் தண்ணி நின்னுச்சு, 2011லயும் வந்துச்சு, 2023 மார்ச்ல முழங்காலுக்கு மேல. இப்ப என்னடான்னா ஆறே ஏற வேணாம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பேய் மழை அடிச்சாலே பின்பக்க லோங்காங், அதான் வடிகால், பொங்கி குசினிக்குள்ள வந்துருது. படிவம் 4 படிக்கிற மகன் இது கிளைமேட் சேஞ்ச்தான்ங்கறான். அப்பா, "போடா, எங்க காலத்துல தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ளயே ஆறு வந்து போயிருக்கு, இப்ப மரத்தை வெட்டி சிமெண்ட் போட்டதுதான் காரணம்"ங்கறாரு. டவுன்ல ஒரு ஆபீஸ்ல போய் புகார் குடுத்தா "இது 100 வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழை, கிளைமேட் சேஞ்ச், நாங்க ஒன்னும் செய்ய முடியாது"ன்னு அனுப்பிட்டாங்க. யாரு சொல்றதுண்ணே நிஜம்? இ.பி.எஃப் சேமநிதிக் காசை எடுத்து தரையை ஒசத்தலாமா, இல்ல வந்த விலைக்கு வீட்டை வித்துட்டுப் போயிரலாமா?

பதில்: தங்கச்சி, வணக்கம். உங்க வீட்டுச் சண்டையை மொதல்ல தீத்து வெச்சுடுறேன், அப்பாவும் ஜெயிச்சாரு மகனும் ஜெயிச்சான், ஆனா ரெண்டு பேரும் வேற வேற வெள்ளத்தைப் பத்தி பேசிக்கிட்டு இருக்காங்க. ஆபீஸ்ல அந்த ஆளு சொன்னதுலதான் எனக்கு கோவம், அதுக்கு அப்புறமா வரேன்.

நான் மழைக்கணக்கும் ஆத்துத் தண்ணிக் கணக்கும் பாத்தே சம்பளம் வாங்குற இஞ்சினியர், எங்க வேலையில மழையையும் வெள்ளத்தையும் ஒன்னா போட்டு குழப்பிக்கவே மாட்டோம். மழை வானத்து சமாச்சாரம். வெள்ளம்ங்கறது அந்த மழை தரையில விழுந்ததுக்கு அப்புறம் மண்ணு எவ்ளோ குடிச்சுது, எவ்ளோ ஓடுச்சு, ஓடுறதுக்கு வழி இருந்துச்சா, ஆறு ஏற்கனவே நெறஞ்சு கெடந்துச்சா, நாம எங்க கொண்டு போய் வீட்டைக் கட்டி வெச்சிருக்கோம், இத்தனையும் சேந்தது. 2021 ஆகஸ்ட்ல ஐ.பி.சி.சி. அறிக்கை வந்துச்சு இல்ல, ஐக்கிய நாட்டோட பருவநிலைக் குழு, அதுலயும் இதைப் பிரிச்சுதான் எழுதியிருக்காங்க. கனமழை 1950கள்ல இருந்து, கணக்கு ஒழுங்கா இருக்கிற பெரும்பாலான நிலப்பகுதியில கூடியிருக்கு, அதுக்கு மனுஷன் விட்ட புகைதான் முக்கிய காரணமா இருக்கும்னு தெளிவா சொல்றாங்க. அதே அறிக்கை ஆத்து வெள்ளத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்திருது, சில ஆத்துல கூடியிருக்கு சில ஆத்துல கொறைஞ்சிருக்கு, உலகம் முழுக்க பாத்தா மனுஷன் சூடாக்குனதாலதான்னு அடிச்சுச் சொல்ல நம்பிக்கை கம்மின்னு. வாட்ஸ்அப்ல மொதப் பாதியை மட்டும் ஒருத்தர் அனுப்புவாரு, ரெண்டாவது பாதியை மட்டும் இன்னொருத்தர் அனுப்புவாரு, சண்டை இங்கதான் ஆரம்பிக்குது.

மகன் பக்கம் என்ன நியாயம்னு பாப்போம். காத்து சூடானா அதுல தங்குற நீராவி கூடும், ஒவ்வொரு 1 டிகிரிக்கும் சுமாரா 7 சதவீதம். இது நேத்து கண்டுபுடிச்சது இல்ல, கிளாசியஸ், கிளாபேரான்னு ரெண்டு பேரு 19ஆம் நூற்றாண்டுலயே எழுதி வெச்ச கணக்கு, மகன் ஆறாம் படிவத்துல இயற்பியல் எடுத்தான்னா மறுபடி பாப்பான். 2011ல இருந்து 2020 வரைக்கும் சராசரி எடுத்தா உலகம் 1850-1900 காலத்தை விட 1.1 டிகிரி சூடாயிருச்சு. ஆக வானத்துல சரக்கு கூடிப் போச்சு, கொட்டும்போது கூடுதலா கொட்டுது. 10 வருஷத்துக்கு ஒரு தடவை வந்த கனமழை அதே 10 வருஷத்துல 1 டிகிரி சூட்டுக்கு 1.3 தடவை வருது, 1.5 டிகிரிக்குப் போனா 1.5 தடவை, 2 டிகிரிக்கு 1.7 தடவைன்னு அந்த அறிக்கையிலயே இருக்கு, உலக நிலப்பரப்பு மொத்தத்துக்கும் எடுத்த சராசரி அது.

"7 சதவீதம்தானே, அதுக்கா இவ்ளோ சத்தம்"னு அப்பா கேப்பாரு, கேக்கட்டும். 100 மில்லிமீட்டர் மழை பெய்யுதுன்னு வைங்க, மண்ணு 60 குடிச்சுருது, 40 ஓடுது. அதே மழை 107 ஆச்சுன்னா மண்ணு கூட குடிக்காது, அது வயிறு அவ்ளோதான், அதே 60தான், ஓடுறது 47. மழை கூடுனது 7 சதவீதம், ஓடுற தண்ணி கூடுனது 17 சதவீதத்துக்கு மேல. கரைக்கு ஒரு சாண் கீழ நிக்க வேண்டிய ஆறு கரையைத் தாண்டுறது இந்த வித்தியாசத்துலதான்.

சரி, குறிப்பிட்ட ஒரு வெள்ளத்தைக் காட்டி "இதுல கிளைமேட் சேஞ்சோட பங்கு இவ்ளோ"ன்னு எப்படி சொல்றாங்கன்னு கேட்டீங்கன்னா, அந்த ஆராய்ச்சி ஆரம்பிச்சதே வீட்டுக்குத் தண்ணி வந்த கதையிலதான். 2003 ஜனவரியில இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்டுல தேம்ஸ் ஆறு ஏறி மைல்ஸ் ஆலன்ங்கற விஞ்ஞானி வீட்டை நெருங்கிக்கிட்டு இருக்கு, ரேடியோவுல ஒருத்தர் எந்த ஒரு தனி நிகழ்வையும் கிளைமேட் சேஞ்ச் மேல போட முடியாதுங்கற மாதிரி பேசுறாரு, இவரு உக்காந்து யோசிச்சு நேச்சர் பத்திரிகையில எழுதிட்டாரு, ஏன் முடியாது, இதுக்கு யாரு பொறுப்புன்னு கணக்குப் போட வழி இருக்கேன்னு. நம்ம ஊருல குசினிக்குள்ள தண்ணி வந்தா நாம ஒய்.பி.யை, அதான் தொகுதி மக்கள் பிரதிநிதியை, திட்டுவோம், அவரு ஒரு துறையையே ஆரம்பிச்சு விட்டுட்டாரு. அடுத்த வருஷம், 2004ல, பீட்டர் ஸ்டாட்டும் டைதி ஸ்டோனும் இவரும் சேந்து 2003 ஐரோப்பா வெயிலுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுனாங்க, அந்த மாதிரி வெயில் அடிக்கிற வாய்ப்பை மனுஷன் ரெண்டு மடங்காவது ஆக்கிட்டான்னு.

வெள்ளத்துக்கு வந்தது 2011ல. 2000ஆம் ஆண்டு இலையுதிர் காலத்துல இங்கிலாந்து, வேல்ஸ்ல பெரிய வெள்ளம், 1766ல இருந்து கணக்கு இருக்கு, அதுல அவ்ளோ ஈரமான இலையுதிர் காலம் வந்ததே இல்ல. இவங்க என்ன பண்ணாங்கன்னா, பொதுமக்கள் வீட்டுல சும்மா கெடக்குற கம்ப்யூட்டரை எல்லாம் இணையம் வழியா கடன் வாங்கி, அதே 2000ஆம் ஆண்டை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பாத்தாங்க. ஒரு பகுதி ஓட்டம் நாம புகை விட்ட நிஜ உலகம், மீதி புகையே விடாம இருந்திருந்தா இருந்திருக்கக்கூடிய உலகம். ரெண்டுலயும் அந்த மாதிரி வெள்ளம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாத்தா, 10க்கு 9 கணக்குல ஆபத்து 20 சதவீதத்துக்கு மேல கூடியிருக்கு, 3க்கு 2 கணக்குல 90 சதவீதத்துக்கு மேல. "இந்த வெள்ளம் கிளைமேட் சேஞ்சால வந்தது"ன்னு எங்கயும் எழுதல பாருங்க. வாய்ப்பு எவ்ளோ கூடுச்சுன்னுதான் எழுதுனாங்க. வெத்தலையோட புகையிலை போடுற நம்ம பாட்டிங்க எல்லாருக்குமா வாயில புத்துநோய் வருது, போடாதவங்களுக்கும் வரத்தான் செய்யுது, அதனால டாக்டர் ஒரு பாட்டியைக் காட்டி இவங்களுக்கு இதனாலதான்னு சத்தியம் பண்ண மாட்டாரு, ஆனா போடுறவங்களுக்கு ஆபத்து எத்தனை மடங்குன்னு தயங்காம சொல்லுவாரு, அந்த மாதிரிதான் இது.

இப்ப இதையே ஒரு குழுவா சேந்து வாரக்கணக்குல செஞ்சு முடிச்சுடுறாங்க, வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன்னு பேரு, ஃப்ரெடரிகா ஆட்டோவும் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க்கும் ஆரம்பிச்சது. 2021 ஜூலையில ஜெர்மனி, பெல்ஜியம் வெள்ளத்துக்கு மழை 3ல இருந்து 19 சதவீதம் வரைக்கும் கூடியிருக்குன்னாங்க. 2024 ஜூலை வயநாடு நிலச்சரிவுக்கு முன்னாடி கொட்டுன ஒரு நாள் மழை சுமாரா 10 சதவீதம் கூட. ஆனா 2023 மே மாசம் இத்தாலி எமிலியா-ரோமாக்னா வெள்ளத்தை அதே குழு அலசிப் பாத்துட்டு இதுல கிளைமேட் சேஞ்சோட பங்கு தெளிவா தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்கு இவங்க மேல நம்பிக்கை வந்ததே அந்த இத்தாலி பதில்லதான், எதைக் கேட்டாலும் ஆமாம்னு தலையாட்டுறவன் சொல்ற ஆமாமுக்கு மதிப்பு ஏது.

நம்ம ஊருக்கு வந்தா இந்தக் கணக்கு கொஞ்சம் தள்ளாடும், அதையும் ஒளிக்காம சொல்லணும். உலகம் முழுக்க ஓட்டுற மாடல் பல ஆயிரம் சதுரமா பூமியைப் பிரிக்கும், பலதுல ஒரு சதுரம் 100 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும், அப்ப சிகாமட், லாபிஸ், யோங் பெங், குளுவாங் எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள அடங்கிரும். ஆனா உங்க குசினிக்குத் தண்ணி விடுற சாயங்கால இடிமழை சில கிலோமீட்டர் அகலம்தான், டவுன்ல கொட்டும், தோட்டத்து கோயில்ல சொட்டு இருக்காது. அதனால வடகிழக்குப் பருவமழை மாதிரி தென்சீனக் கடல்ல இருந்து நாள்கணக்கா வர்ற பெரிய மழைக்கு மாடல் கை குடுக்கும், இடிமழைக்கு அவ்ளோ குடுக்காது. அங்க மழைமானி கணக்குதான் பேசணும். நெதர்லாந்துல டே பில்ட்டுங்கற எடத்துல மணிக்கணக்கா எடுத்த பழைய பதிவை அலசி 2008ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நாள் சராசரி 12 டிகிரியைத் தாண்டுனதும் ஒரு மணி நேரக் கனமழை டிகிரிக்கு 7 இல்ல, 14 சதவீதம் கிட்ட ஏறுதுன்னு. குட்டி நேரத்துல கொட்டுற மழை இன்னும் வேகமா மோசமாகலாம்ங்கற கவலை எங்க ஆளுங்களுக்கு அதுல இருந்துதான் கூடுச்சு.

மழைமானின்னதும் ஒன்னு கேக்கணும், அப்பாவை விசாரிங்க. அந்தக் காலத்துல ஒவ்வொரு தோட்டத்து ஆபீஸ் வாசல்லயும் ஒரு மழைமானி இருக்கும், காலையில கிராணி, அதான் தோட்டத்து குமாஸ்தா, வந்து மொத வேலையா அந்தத் தண்ணியை அளவுக் கண்ணாடியில ஊத்திப் பாத்து புத்தகத்துல எழுதுவாரு, ஏன்னா மழை பெஞ்சா மரம் ஈரம், பால் வெட்டு கிடையாது, வேலைக்குப் பேர் போடுறதுக்கே அந்தக் கணக்கு வேணும். வெள்ளைக்கார துரை காலத்துல ஆரம்பிச்சு பத்து பத்து வருஷமா விடாம எழுதுன புத்தகம் அது. தோட்டத்தைத் துண்டாடி வித்தப்ப எத்தனை ஆபீஸ்ல அதை பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாங்களோ, நினைச்சா வயிறு எரியுது. உங்க தோட்டத்துது யாராவது பழைய கிராணி வீட்டு அலமாரியில இருந்துச்சுன்னா தயவு செஞ்சு போட்டோ புடிச்சு வைங்க. ஒரு குறை மட்டும் உண்டு, அது 24 மணி நேரத்துக்கும் சேத்து ஒரே எண். 60 மில்லிமீட்டர்னு எழுதியிருந்தா அது ராத்திரி பூரா தூறுனதா, முக்கா மணி நேரத்துல ஊத்துனதான்னு தெரியாது. இப்ப ஜே.பி.எஸ்., அதான் வடிகால் நீர்ப்பாசன இலாகா, வெச்சிருக்கிற மானிக்குள்ள சின்னதா ரெண்டு குழிக்கரண்டி ஏத்தம் மாதிரி ஆடும், ஒன்னு நெறைஞ்சா சாஞ்சு கொட்டிட்டு அடுத்தது மேல வரும், ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு மின்துடிப்பு பதிவாகும், எந்த நிமிஷம் எவ்ளோ கொட்டுச்சுன்னு அதுல கெடைச்சுரும்.

இப்ப அப்பா பக்கம். அவரு சொல்ற சிமெண்ட் கதைக்கு ஒரு கணக்கு போடுவோம், நாங்க தினம் போடுறதுதான், ரேஷனல் முறைன்னு பேரு. உங்க தாமான் 10 ஹெக்டர்னு வைங்க, ஒரு மணி நேரத்துக்கு 60 மில்லிமீட்டர் மழை. பால்மரமா இருந்த காலத்துல கீழ புல்லு, சருகு, கவர் கிராப் கொடி எல்லாம் இருக்கும், சுமாரா மழையில 10ல 3 பங்குதான் ஓடி வரும், அப்ப வினாடிக்கு 500 லிட்டர். இப்ப கூரை, தார் ரோடு, வாசல்ல போட்ட சிமெண்ட், கார் நிறுத்துற எடத்துல ஓடு, 10ல 9 பங்கு ஓடிரும், வினாடிக்கு 1,500 லிட்டர். மழை ஒரு சொட்டுகூட மாறல, தண்ணி மூணு மடங்கு. இதுக்கு மேல கிளைமேட் சேஞ்ச் 10 சதவீதம் சேத்துச்சுன்னா 1,650. ஆக உங்க குசினிக்குள்ள வர்ற சாயங்காலத் தண்ணியில ஆயிரம் லிட்டர் சிமெண்டோடது, 150 லிட்டர் பூமி சூட்டோடது, இது என் தோராயக் கணக்கு, உங்க தாமான் அளவை வெச்சுப் போட்டா எண் மாறும், ஆனா எது பெருசு எது சின்னதுங்கறது மாறாது. இந்த வெள்ளத்துல அப்பா சொல்றதுதான் முக்காவாசி சரி.

ஆனா 2006ல ஜன்னல் வரைக்கும் நின்ன தண்ணி? அது வேற ஜாதி. அந்த டிசம்பர் 19 வாக்குல ஆரம்பிச்சு நாள்கணக்கா ஊத்துச்சு, ஜனவரியில மறுபடி ஒரு சுத்து, ஜோகூர்ல சிகாமட், கோத்தா திங்கி எல்லாம் முங்குனது, ஒரு லட்சத்துக்கும் மேல ஜனம் பி.பி.எஸ்., அதான் துயர் துடைப்பு மையத்துல கெடந்தாங்க. நாலு நாள் விடாம பெஞ்சா மண்ணு வயிறு முட்டிப் போயிரும், அதுக்கப்புறம் மேல இருக்கிறது காடா, செம்பனையா, பால்மரமாங்கற வித்தியாசம் சுருங்கிப் போயிரும், வர்றதெல்லாம் ஓடத்தான் செய்யும். காட்டை வெட்டுனா தண்ணி கூடும்ங்கறது நிஜம், பகாங்ல சுங்கை தெக்காம்ல ஜே.பி.எஸ்.காரங்க 1970கள் கடைசியில இருந்தே காட்டை செம்பனை, கோக்கோவா மாத்தி ஓடைத் தண்ணியை அளந்து பாத்திருக்காங்க, வெட்டுனதும் நீர்வரத்து நல்லா ஏறிச்சு. மறுநடவு செய்யும்போது மண்ணு மொட்டையா கெடக்குற அந்த ஒன்னு ரெண்டு வருஷம் இன்னும் மோசம், அடிச்சுட்டு வர்ற சேறு ஆத்தடியில படிஞ்சு ஆத்தையே ஆழம் கொறைச்சுரும். ஆனா சின்ன, நடுத்தர வெள்ளத்துலதான் இதோட கை ஓங்கி இருக்கும், மழை பெருசாகப் பெருசாக காட்டோட கை தாழ்ந்துக்கிட்டே வரும். அதனால நாள்கணக்கா நிக்கிற பெருவெள்ளத்துல மகன் பக்கம் கனம் கூட. அதுலயும் முழுசா இல்ல, 2020ல இருந்து 2023 ஆரம்பம் வரைக்கும் தொடர்ந்து மூணு லா நினா, அதான் பசிபிக் கடல் நடுவுல மேல்தண்ணி குளிர்ந்து போற காலம், அந்த மாதிரி காலத்துல நம்ம பக்கம் ஈரம் கூடும், அது பூமி சூடாகாட்டியும் வந்து போற சுழற்சி, 2021 டிசம்பர்லயும் அதுதான் இருந்துச்சு. அந்த டிசம்பர்ல ஷா ஆலாம், உலு லங்காட் எல்லாம் ஒரே நாள்ல சில எடத்துல 300 மில்லிமீட்டருக்கு மேல, நாடு முழுக்க 54 பேரு செத்தாங்க, நஷ்டம் 610 கோடி வெள்ளி (ரிங்கிட்)ன்னு புள்ளிவிவர இலாகா கணக்கு. இந்த மாதிரி மழையில இயற்கைச் சுழற்சி அடிக்கட்டை, சூடு அதுக்கு மேல ஏத்தி விட்ட பாரம்.

லயத்துக்குள்ள ஆறு வந்துச்சுன்னு அப்பா சொல்றாரு இல்ல, அதை மகன் லேசா எடுத்துக்கக் கூடாது. ஆறு அந்தப் பக்கம் வரும்னு அது காட்டுன பழைய வழி அது. அந்தப் பள்ளத்துல லயம் கட்டுனவன் துரை, தாமான் போட்டவன் அடுத்தவன், ரெண்டு பேருமே ஆத்தைக் கேக்கல.

இப்ப ஆபீஸ் சமாச்சாரம். "100 வருஷத்துக்கு ஒரு தடவை"ன்னா இந்தத் தடவை வந்துருச்சு, இனி நம்ம பேரப்புள்ளைங்க காலத்துலதான்னு ஜனங்க நெனைச்சுக்கறாங்க, ஆபீஸ்ல இருக்கறவங்களும் அப்படி நெனைக்க விட்டுடுறாங்க. அதுக்கு அர்த்தம் ஒவ்வொரு வருஷமும் 100ல 1 வாய்ப்பு, போன வருஷம் வந்துச்சான்னு ஆறு ஞாபகம் வெச்சுக்காது. 30 வருஷ பேங்க் லோன் போட்டு வீடு வாங்குறீங்க, அந்த 30 வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது அப்படி ஒரு வெள்ளம் வர்ற வாய்ப்பு 26 சதவீதம், ஏறக்குறைய நாலு வீட்டுல ஒரு வீடு. அதுவும் பழைய பதிவை வெச்சுப் போட்ட 100 வருஷம். மழை கூடிக்கிட்டே போகுதுன்னா அந்த 100 மெல்ல 70 ஆகும், 50 ஆகும், போர்டுல மட்டும் 100னே எழுதியிருக்கும். இன்னொன்னு, உங்க பின்பக்க லோங்காங் 100 வருஷ மழைக்குக் கட்டுனதே இல்ல. மஸ்மா கையேடுன்னு ஜே.பி.எஸ்.ஓட வடிகால் கையேடு 2001ல இருந்து நடப்புல இருக்கு, 2012ல ரெண்டாம் பதிப்பு, அதுல வீட்டுப் பக்கத்து சின்ன லோங்காங் எல்லாம் 5 வருஷ, 10 வருஷ மழைக்குத்தான், பெரிய மழைக்கு ரோடு, குளம், பெரிய கால்வாய்ன்னு தனி ஏற்பாடு. அப்ப ஒரு மணி நேர சாயங்கால மழைக்கு வருஷத்துல பல தடவை பொங்குதுன்னா அது 100 வருஷ மழையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, லோங்காங் பத்தல, இல்லேன்னா அடைச்சிருக்கு.

"கிளைமேட் சேஞ்ச், நாங்க ஒன்னும் செய்ய முடியாது"ங்கற பேச்சு இருக்கே, அது தலைகீழ் வாதம். மழை கூடப் போகுதுன்னு தெரிஞ்சா லோங்காங்கைப் பெருசாத்தானே வெட்டணும், கையைக் கட்டிக்கிட்டு எப்படி உக்காரலாம்? நம்ம நாட்டு நஹ்ரிம், அதான் அரசாங்கத்து நீர் ஆராய்ச்சி நிலையம், தீபகற்பத்துல எதிர்காலக் கனமழை எவ்ளோ கூடும், வடிகால் வரையும்போது மழையை எந்தக் காரணியால பெருக்கணும்னு 2013லயே வழிகாட்டி போட்டுக் குடுத்துட்டாங்க. கிளைமேட் சேஞ்ச்னு வாயில சொல்றவங்க வரைபடத்துலயும் அதைச் சேத்திருக்கணும். அதனால அடுத்த தடவை போகும்போது தனியா போகாதீங்க, தாமான் குடியிருப்பாளர் சங்கத்தோட லெட்டரா எழுதிக் குடுத்து, முத்திரை குத்துன நகலைக் கையில வாங்கிக்குங்க. கேக்க வேண்டியது இவ்ளோதான், எங்க லோங்காங் எத்தனை வருஷ மழைக்கு வரைஞ்சது, எந்த வருஷம் வரைக்கும் உள்ள மழைப் பதிவை வெச்சு, நஹ்ரிம் காரணி சேந்துச்சா, தாமானுக்கு தண்ணி தேக்குற குளம் வரைபடத்துல இருந்துச்சுன்னா அது இப்ப எங்க. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் நாற்காலி லேசா நெளியும் பாருங்க, அந்தக் குளம் இருக்க வேண்டிய எடத்துல கடைவீடு நிக்கிற ஊரை எல்லாம் நான் பாத்திருக்கேன்.

லெட்டர் எழுதுறதுக்கு முன்னாடி மழை விட்ட கையோட மகனைக் கூட்டிக்கிட்டு லோங்காங் போற வழியே நடந்து பாருங்க. ரோட்டுக்கு அடியில போற குழாய்கிட்ட நில்லுங்க, பெரும்பாலும் வில்லன் அங்கதான் இருப்பான். ஒரு பக்கம் தண்ணி உசரமா நின்னுக்கிட்டு மறு பக்கம் கணுக்கால் அளவு ஓடுச்சுன்னா குழாய் அடைச்சிருக்கு, இல்ல சின்னதா போட்டுட்டாங்க. செம்பனை மட்டை, மெத்தை, பெயிண்ட் வாளி, பாதி வரைக்கும் சேறு, எல்லாத்தையும் போட்டோ எடுங்க, தேதி நேரத்தோட. ரெண்டு பக்கமும் ஒரே உசரத்துல நெறஞ்சு நின்னுச்சுன்னா அடைப்பு இல்ல, கீழ ஆறே தண்ணியைத் திருப்பித் தள்ளுது, அப்ப லோங்காங்கை அகலப்படுத்தி பிரயோஜனம் இல்ல, மதகோ பம்போதான் கேக்கணும். இந்த ஒரு போட்டோ ஆபீஸ்ல பத்து நிமிஷப் பேச்சை மிச்சம் பண்ணும்.

வீட்டுக்கு வருவோம். இ.பி.எஃப் காசுல தரையை ஒசத்துறது இப்ப வேணாம். ஒரு அடி ஒசத்துனா லோங்காங் தண்ணி நிக்கலாம், ஆனா அதை லோங்காங்கை சரி பண்ணியே நிறுத்தலாம், உங்க ஓய்வுக்காலக் காசை ஏன் அதுல போடணும். 2006 மாதிரி ஜன்னல் உசரத்துக்கு வந்தா ஒரு அடி ஒசத்துன தரைக்கும் மூணு அடித் தண்ணி, கூரை மட்டும் ஒரு அடி கிட்ட வந்திருக்கும். விக்கிறதைப் பத்தி, ஜே.பி.எஸ். மாவட்ட ஆபீஸ்ல உங்க ஆத்துக்கு ஆர்.டி.பி. திட்டம், அதான் வெள்ளத் தணிப்பு வேலை, ஏதாவது ஒதுக்கீடு ஆகி நடக்குதா இல்ல பேச்சுல மட்டும் இருக்கான்னு விசாரிங்க. வேலை நடக்குதுன்னா பொறுங்க. ஒன்னுமே இல்ல, பெருவெள்ளமும் திரும்பத் திரும்ப வருதுன்னா, அப்பாவுக்கும் வயசாகுது, ராத்திரி ரெண்டு மணிக்கு அவரைத் தூக்கிக்கிட்டு பாலாய்ராயா பொது மண்டபத்துக்கு ஓட முடியுமான்னு நீங்களே யோசிச்சுக்குங்க, விலை கொஞ்சம் கம்மியா கெடைச்சாலும் மேட்டுல வாடகைக்காவது போறது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். விக்கும்போது வாங்குறவங்ககிட்ட வெள்ளத்தை மறைக்காதீங்க.

அதுவரைக்கும் பெரிய செலவு இல்லாத வேலை இருக்கு. நவம்பர் வர்றதுக்குள்ள ஒயரிங்காரரைக் கூப்பிட்டு கீழ இருக்கிற பிளக் பாயிண்ட்டை எல்லாம் நெஞ்சு உசரத்துக்கு ஏத்திடுங்க, வெள்ளத்துல தண்ணியில மூழ்கி சாகறவங்களோட கரண்ட் அடிச்சு சாகறவங்களும் இருக்காங்க. பொறந்த சூரா (பிறப்புச் சான்றிதழ்), நிலப்பட்டா, மகனோட சான்றிதழ் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில. ஜே.பி.எஸ்.ஓட பப்ளிக் இன்ஃபோ பாஞ்சிர்ங்கற வெள்ளத் தகவல் இணையப் பக்கத்துல உங்களுக்கு மேல்பக்கமா இருக்கிற ஆத்து நிலையத்தைக் கண்டுபுடிச்சு வைங்க, வஸ்பாடா (கவனம்), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து)ன்னு மூணு கட்டம் இருக்கும், அமாரான்ல அப்பாவைக் கெளப்பிடுங்க, பஹாயா வரைக்கும் டீ ஆத்திக்கிட்டு இருக்காதீங்க. மேல் நிலையத்துல ஏறுன தண்ணி உங்க பாலத்துக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு மகனை ரெண்டு மழைக்காலம் குறிச்சு வைக்கச் சொல்லுங்க, கிளைமேட் சேஞ்ச் பேசுறதை விட அது அவனுக்கு நல்ல பாடம், தாத்தாவும் கூட உக்காந்து பாப்பாரு.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தா எடுத்துப் படிங்க, சாதா தீ பாலிசி மட்டும்னா அதுல வெள்ளம் சேராது, தனியா கூட்டணும். காருக்கும் அதே கதைதான், காம்ப்ரிஹென்சிவ் இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க, ஸ்பெஷல் பெரில்ஸ்னு ஒன்னு சேத்தாத்தான் வெள்ளத்துக்குக் காசு வரும், அடுத்த தடவை ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது கேட்டு வாங்கிடுங்க.